காய வைத்தால் போதுமா?

அரிசி ஈரத்தை இழுக்கும் என்பது பொய்யல்ல. எந்தத் தானியமும் சுற்றியிருக்கும் காற்றோடு ஈரத்தைக் கொடுப்பதும் வாங்குவதுமாகத்தான் இருக்கிறது. தண்ணீரில் விழுந்த போனையோ டேப்லெட்டையோ அரிசி டப்பாவுக்குள் புதைத்துவைக்கும் வழக்கத்துக்கு இந்த உண்மைதான் ஆதாரம். ஆனால் கடையில் வாங்கும் அரிசியிலேயே எடைக்கு 12 முதல் 14 சதவீதம் ஈரம் இருக்கும். இருக்கும் ஊரின் காற்றோடு ஏற்கெனவே கணக்குத் தீர்த்துக்கொண்ட ஈரம் அது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருக்கும் அரிசி மேற்கொண்டு எவ்வளவு இழுத்துவிடும்? போதாததற்கு, டப்பாவை மூடியதும் காற்றோட்டம் நின்றுபோகிறது. மின்விசிறிக்கு அடியில் மேசைமேல் சும்மா வைத்திருந்தால் இதைவிடச் சீக்கிரம் காயும். 2024 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் உதவிக் குறிப்பிலேயே, நனைந்த ஐபோனை அரிசிப் பையில் போட வேண்டாம் என்று எழுதியது. அரிசித் துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கலாம் என்பது அது சொன்ன காரணம். ஹேர் டிரையர் போன்ற வெப்பமும் வேண்டாம், சார்ஜர் செருகும் துளைக்குள் பஞ்சோ காகிதமோ நுழைக்கவும் வேண்டாம் என்றும் அதே குறிப்பு சொன்னது.

அரிசியைக் கேலி செய்வதோடு பெரும்பாலான அறிவுரைகள் நின்றுவிடுகின்றன. அரிசிக்குப் பதில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், இரண்டு நாள் பொறுங்கள் என்று முடித்துவிடுகிறார்கள். அரிசியின் பெரிய கேடு அதன் மந்தத்தில் இல்லை, காய்ந்துவிட்டால் சரியாகிவிட்டது என்று நம்பவைப்பதில் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அது கரைத்துக்கொண்டு வந்தவை போகாது. அவை சர்க்யூட் போர்டின் மேல் படிந்து, காற்றில் இருக்கும் ஈரத்தையே துணைக்கு வைத்துக்கொண்டு, மின்சாரம் வரும்போதெல்லாம் உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கும். ஆகவே நனைந்த கருவிக்கு முதல் தேவை உலர்த்துவதே இல்லை. மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், திறக்க வேண்டும், கழுவ வேண்டும். உலர்த்துவது அதற்குப் பின்னால் வருகிற வேலை. தண்ணீர் பட்டுக் கெட்டதைக் கழுவச் சொன்னால் கிறுக்குத்தனமாகப் படும். உள்ளே நடப்பதைப் பார்த்தால் வேறு வழி இல்லை என்று தெரியும்.

எதுவும் கரையாத சுத்தமான நீர் மின்சாரத்தைக் கடத்துவதில் மிகவும் மந்தம். அதில் கரைந்திருக்கும் சோடியம், கால்சியம், குளோரைடு போன்ற அயனிகள்தான் கடத்தும் வேலையைச் செய்கின்றன. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைபொருள் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்கிறது. கடல்நீரில் இது ஏறக்குறைய 35,000. கேன் தண்ணீர் சிந்திய டேப்லெட், உப்புப்பிடித்த போர் தண்ணீரில் விழுந்த டேப்லெட், மெரினா அலையில் நனைந்த டேப்லெட் என்று மூன்றையும் ஒரே வைத்தியத்துக்குள் அடைக்க முடியாது என்பதற்கு இந்த எண்களே போதும். காபி, பழச்சாறு, இளநீர் என்றால் உப்போடு சர்க்கரையும் சேர்கிறது. கோலா பானங்களில் பாஸ்பாரிக் அமிலம் வேறு. வெள்ளநீரோ எல்லாம் கலந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை வீடுகளுக்குள் வந்த தண்ணீரில் சாக்கடையும் இருந்தது, எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் இருந்தது. அப்படி நனைந்த கருவியைக் காய வைத்தால், காய்ந்த சாக்கடை உள்ளே இருக்கும், அவ்வளவுதான்.

இனி மின்சாரத்தின் பங்கு. லித்தியம் பேட்டரி சாதாரணமாக 3.7 வோல்ட் தருவது. முழுச் சார்ஜில் 4.2 ஆகும், புதிய வகைகளில் 4.4 வரை போகும். நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்க 1.23 வோல்ட் போதும். அதனால் நனைந்த போர்டில் பேட்டரி மின்சாரம் வந்து நிற்கும் ஒவ்வொரு இடமும் ஒரு குட்டி மின்னாற்பகுப்புக் கலமாகிவிடுகிறது. நேர்முனையில் இருக்கும் செம்பும் ஈயப்பற்றின் வெள்ளீயமும் அயனிகளாகக் கரைகின்றன. கரைந்தது எதிர்முனைக்குப் போய் மறுபடி உலோகமாகப் படிகிறது. அப்படிப் படியும்போது கிளைகிளையாக வளர்ந்து எதிர்ப்பக்கத்தை நோக்கி நீள்கிறது. முனைகளுக்கு நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாத போர்டில் அந்தக் கிளை போய்த் தொட்டுவிட்டால் ஷார்ட். செப்புக்குடத்தில் பிடிக்கும் பச்சைக் களிம்பும் செம்பு கெடுவதால் வருவதுதான். ஆனால் குடத்தில் அது பிடிக்க மாதக்கணக்கில் ஆகும், ஏனென்றால் குடத்தில் மின்சாரம் ஓடவில்லை. மின்சாரம் இருக்கும் போர்டில் அரிப்பு நிமிடங்களில் தொடங்கிவிடும். தண்ணீர் மட்டும் இருந்து மின்சாரம் இல்லாவிட்டால் போர்டு பல மணி நேரம் தாங்கும். தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் தாங்காது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்ற எல்லா முடிவுகளும் தானாக வந்துவிடும்.

தண்ணீர் உள்ளே எங்கே போய் உட்காருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். போர்டின் மேல் முக்கியமான சிப்புகளை ஒரு தகர மூடி மூடியிருக்கும். ரேடியோ அலைகள் ஒன்றில் ஒன்று குறுக்கிடாமல் இருக்க வைத்த மூடி அது. அதன் ஓரங்களில் தண்ணீர் நுழைந்துவிடும், திரும்பி வருவது கடினம். சிப்புகளுக்குக் கால்கள் கிடையாது. வயிற்றுக்கு அடியில் வரிசை வரிசையாகச் சிறு ஈயக் குண்டுகள் இருக்கும், போர்டுக்கும் சிப்புக்கும் நடுவில் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த சந்து. நுண்துளைக் கவர்ச்சி தண்ணீரை அந்தச் சந்துக்குள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து எந்த அரிசியும் அதை எட்டாது, எந்த வெயிலும் சீக்கிரம் எட்டாது. பின்னொளி உள்ள எல்சிடி திரைகளில், அந்த ஒளிக்காக மின்னழுத்தத்தை 15, 20 வோல்ட் அளவுக்கு உயர்த்தும் ஒரு பகுதி உண்டு. போர்டில் அழுத்தம் அதிகமுள்ள இடம் அதுவாக இருப்பதால் அரிப்பும் அங்கே வேகம். நனைந்த டேப்லெட்டில் மணி அடிக்கிறது, பாட்டுப் பாடுகிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் பழுது இந்தப் பக்கம்தான். திரைக்குள்ளேயே நீர் போயிருந்தால் அது வேறு கதை. எல்சிடியின் பின்னால் ஒளியைப் பரப்பும் மெல்லிய தாள்கள் அடுக்கியிருக்கும். அவற்றுக்கு நடுவில் புகுந்த நீர் காய்ந்தாலும் திட்டுத்திட்டாகக் கறை நின்றுவிடும். அதைக் கழுவி எடுப்பதைவிடத் திரையை மாற்றுவதே மலிவு. விரல் படாமலேயே திரை தானாகத் தாறுமாறாக இயங்குவதும் பலர் பயப்படும் ஒன்று. தொடுதிரை விரலின் மின்தேக்கத்தை உணர்ந்து வேலை செய்கிறது. நீரும் அதே விதமாக அந்தப் புலத்தைக் கலைக்கும் என்பதால், கண்ணாடிமேல் நிற்கும் துளிகளையே அது விரலாக எடுத்துக்கொள்கிறது. துடைத்ததும் நின்றுவிட்டால் பயம் இல்லை. துடைத்த பிறகும் தொடர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆக, முதல் சில நிமிடங்களில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அணைப்பது. ஆன் ஆகிறதா என்று பார்ப்பதும், சார்ஜ் ஏறுகிறதா என்று செருகிப் பார்ப்பதும் தண்ணீரைவிட அதிகக் கருவிகளைக் கொன்றிருக்கும் என்று பழுது பார்ப்பவர்கள் சொல்வதில் மிகை இல்லை. தானாக அணைந்துபோன கருவியைத் தட்டி எழுப்புவதும் அதே வகைக் குற்றம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இன்றைய போனையோ டேப்லெட்டையோ பொத்தானை அழுத்தி அணைத்தாலும் மின்சாரம் முழுதாக நிற்பதில்லை. பேட்டரி போர்டோடு இணைந்தே இருக்கிறது. கடிகாரத்தையும், பொத்தானைக் கவனித்துக்கொண்டிருக்கும் மின் மேலாண்மை சிப்பையும் அது உயிரோடு வைத்திருக்கிறது. பழைய நோக்கியா போனில் முதுகுத் தகட்டை நகத்தால் நெம்பிப் பேட்டரியைக் கையில் எடுத்துவிடலாம், பத்து விநாடி வேலை. இப்போது பேட்டரி பசையால் ஒட்டப்பட்டு, ஒட்டப்பட்ட கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது. அதனால் அணைப்பது அரை வைத்தியம்தான், மீதி அரையைத் திறந்தால்தான் செய்ய முடியும். மழையில் நனைந்த டேப்லெட்டை அணைத்து, உறையைக் கழற்றி, சிம் தட்டை உருவி, துளை கீழே பார்க்கும்படி மெல்லத் தட்டி நீரை வடியவிட்டு, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோவது சரியான வரிசை. இரண்டு நாள் அரிசியில் வைத்துவிட்டு, சரியாகவில்லை என்றதும் கொண்டுபோவது, அரிப்புக்கு இரண்டு நாள் தவணை கொடுத்த பிறகு போவதாகும்.

கடையில் என்ன நடக்க வேண்டும்? சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவானாலும் சின்ன ஊரின் பேருந்து நிலையக் கடையானாலும் நல்ல கைவேலைக்காரர் செய்வது ஒன்றுதான். ஓரங்களை மிதமாகச் சூடாக்கிப் பசையை இளக்கி, உறிஞ்சுகுப்பியால் கண்ணாடியைத் தூக்கி, முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரை விடுவிப்பார். டேப்லெட்டில் இதை வீட்டில் முயல வேண்டாம் என்றே சொல்வேன். கண்ணாடி அகலமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் கைப்பழக்கம் இல்லாதவர் உடைத்துவிடுவார், ஓரத்தில் ஓடும் மெல்லிய கேபிளையும் அறுத்துவிடுவார். பேட்டரியைக் குத்திவிட்டால் தீ. பேட்டரிக்குள் நீர் போய்விட்டால் அதிலுள்ள லித்தியம் உப்பு நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் புளோரைடு என்ற நச்சை உண்டாக்கும். உப்பிய பேட்டரியை யாரும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. போர்டைத் தனியே எடுத்து, தகர மூடிகளைக் கழற்றிய பிறகுதான் கழுவும் வேலை தொடங்குகிறது.

கழுவுவதற்குக் கடைக்காரர்கள் கைகாட்டுவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சுருக்கமாக ஐபிஏ. அதன் பரப்பு இழுவிசை நீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, அதனால் சிப்புக்கு அடியிலுள்ள சந்துகளுக்குள் எளிதாக நுழைகிறது. நீரோடு எந்த அளவிலும் கலக்கிறது, அதை இழுத்துக்கொண்டு வெளியேறி, கறை வைக்காமல் ஆவியாகிறது. 99 சதவீதம் என்று எழுதிய புட்டி வேண்டும். கொரோனா காலத்தில் மிச்சமான சானிடைசர் ஆகாது, உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையிலேயே அதில் கிளிசரால் சேர்ப்பார்கள், அது போர்டில் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். இவ்வளவு சொல்லும் குறிப்புகள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன: சமையலுப்பு இந்த ஆல்கஹாலில் ஏறக்குறைய கரைவதே இல்லை. கடல்நீரில் விழுந்த போர்டை ஐபிஏயில் மட்டும் முக்கி எடுத்தால் நீர் போகும், உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் பேட்டரியையும் திரையையும் அகற்றிவிட்ட போர்டை முதலில் காய்ச்சி வடித்த நீரிலோ நீர் கலந்த சுத்திகரிப்புக் கரைசலிலோ கழுவி, மென்மையான பிரஷால் தேய்த்து, அதற்குப் பிறகுதான் ஐபிஏயில் அலச வேண்டும். அல்ட்ராசோனிக் தொட்டி இருக்கும் கடைகளில் மீயொலி அதிர்வால் உண்டாகும் நுண்குமிழிகள் பிரஷ் எட்டாத சிப்பின் அடிவயிற்றைச் சுத்தம் செய்கின்றன. அந்தத் தொட்டியில் மைக்கையும் அசைவு உணரிகளையும் நீண்ட நேரம் போட்டால் அவை கெடலாம், எனவே அளவு தெரிந்தவர் கையில்தான் அது கருவி.

கழுவிய பிறகும் உயிர் வரவில்லை என்றால் நோய் கண்டுபிடிக்கும் கட்டம் வருகிறது. பேட்டரிக்குப் பதில் மேசைமேல் இருக்கும் டிசி சப்ளையில் போர்டை இணைத்து, பொத்தானைத் தொடாமலேயே எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்ப்பார்கள். தொடாமலேயே நிறைய இழுத்தால் எங்கோ ஷார்ட். குறைந்த அழுத்தத்தில் மின்சாரம் செலுத்தி எந்தப் பாகம் சூடாகிறது என்று வெப்பக் கேமராவால் தேடுவார்கள். கேமரா இல்லாத கடையில் போர்டின் மேல் ஐபிஏ தடவி, எந்த இடம் முதலில் காய்கிறது என்று பார்ப்பதும் உண்டு, மோசமான முறையே அல்ல. பல நேரம் குற்றவாளி ஒரு கடுகளவு மின்தேக்கியாக இருக்கும். ஹாட் ஏர் கொண்டு அதை எடுத்துவிட்டால் செட் ஆன் ஆகிவிடும். போர்டு செத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லப்படும் எல்லாப் போர்டும் செத்ததில்லை என்பதற்கு இதுவே சான்று.

அரிசி வேண்டாம், கழுவுங்கள் என்பதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. அரிசியில் வைத்துப் பிழைத்த போன்கள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது? பிழைத்தது உண்மை, அரிசியால் பிழைத்தது என்பதுதான் நிரூபணமாகவில்லை. அதற்கு ஒரே மாதிரி நனைந்த பல கருவிகளை எடுத்து, பாதியை அரிசியிலும் பாதியை மேசைமேலும் வைத்துப் பார்க்க வேண்டும். வீடுகளில் யாரும் அப்படிச் செய்வதில்லை. நனைந்த எல்லாக் கருவிக்குள்ளும் நீர் போர்டு வரை போவதில்லை. போனதிலும் எல்லா நீரும் உப்பு நீர் இல்லை. அரிசிக்குள் புதைத்தவர் தன்னை அறியாமல் ஒரு நல்ல காரியம் செய்கிறார்: இரண்டு நாள் அதைத் தொடாமல், ஆன் செய்யாமல், சார்ஜ் போடாமல் இருக்கிறார். பலன் அந்தச் சும்மா இருத்தலுக்கு உரியது, பெயர் அரிசிக்குப் போகிறது. இன்னொன்று, பிழைத்த கருவியின் கதை அன்றோடு முடிந்துவிடுவதில்லை. சிப்புக்கு அடியில் தங்கிய உப்பு, மூன்று மாதம் கழித்து ஒரு புழுக்கமான நாளில் ஈரத்தை இழுத்துக்கொண்டு வேலையைக் காட்டும்போது, கேமரா போய்விட்டது, சார்ஜ் நிற்கவில்லை என்று கடைக்கு வருவார்கள். அந்தப் பழுதை யாரும் பழைய மழையோடு முடிச்சுப் போடுவதில்லை. அரிசியின் வெற்றிக் கணக்கு இவ்வளவு நீளமாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

இரண்டாவது மறுப்பு விளம்பரத்திலிருந்து வருகிறது: ஐபி68 என்று போட்டிருக்கிறதே, அதற்கு இதெல்லாம் எதற்கு? இந்தக் குறி சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529 என்ற தரநிலையிலிருந்து வருவது. முதல் எண் தூசுக்கு, இரண்டாம் எண் நீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையான, நிறுவனமே அறிவிக்கும் நிலை. புத்தம் புதிய கருவியை அசைவற்ற நன்னீரில் மூழ்கவைத்துச் செய்யும் சோதனை இது. கடலுக்கும் சோப்பு நீருக்கும் பீய்ச்சியடிக்கும் நீருக்கும் இது உத்தரவாதம் இல்லை. தாரைநீருக்கு வேறு எண்கள் உண்டு, 8 வாங்கியது 5, 6 சோதனைகளிலும் தேறியது என்று ஆகாது. ரப்பர் வளையமும் பசையும் நாள்பட இறுகும், ஒருமுறை கீழே விழுந்து சட்டம் சற்று வளைந்தால் இடைவெளி விடும். நீர்த்தடுப்பு நிரந்தரமல்ல என்றும், நீரால் வரும் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்றும் நிறுவனங்களே சிறிய எழுத்தில் எழுதுகின்றன. பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் உள்ள இந்தத் தூரம் வழக்குமன்றம் வரை போயிருக்கிறது. 2020 நவம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம், ஐபோன்களின் நீர்த்தடுப்பைப் பற்றிய விளம்பரங்களுக்காக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. 2022 ஜூனில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம், கடலிலும் நீச்சல் குளத்திலும் கேலக்ஸி போன்களைக் காட்டிய விளம்பரங்களுக்காக சாம்சங்கின் அந்நாட்டு நிறுவனம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் கட்ட உத்தரவிட்டது. அந்த வழக்கில் நிறுவனம் ஒப்புக்கொண்ட விஷயம்தான் நமக்கு முக்கியம்: ஈரம் காயாத நிலையில் சார்ஜ் போட்டால் சார்ஜிங் துளை அரித்துப்போகலாம். ஐபி68 கருவியும் நீரும் மின்சாரமும் சேர்ந்தால் அதே வேதியியலுக்குத்தான் கட்டுப்படுகிறது. டேப்லெட் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீர்த்தடுப்பு போன்களில் பரவிய அளவுக்கு டேப்லெட்களில் பரவவில்லை. ஐபேட்களுக்கு அந்தத் தரக்குறியே கிடையாது. பையில் போனும் டேப்லெட்டும் ஒன்றாக நனைந்தால், போன் பிழைத்ததை வைத்து டேப்லெட்டைப் பற்றி முடிவுகட்டக் கூடாது.

மூன்றாவது மறுப்புத்தான் எனக்குக் கனமானதாகத் தெரிகிறது. கடையில் திறந்து கழுவ ஆகும் செலவு, திரையும் போய்விட்டால் கண்ணாடியும் திரையும் சேர்ந்த காம்போவின் விலை, பேட்டரி விலை எல்லாம் சேர்ந்தால் மலிவான ஒரு புது டேப்லெட்டின் விலையை நெருங்கிவிடும். அதன் மேல் பழுது பார்த்த கருவி எத்தனை நாள் ஓடும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். இந்தக் கணக்கு தப்பில்லை. தண்ணீர் போன செட்டுக்கு உத்தரவாதம் தர மறுக்கும் கடைக்காரர் நேர்மையானவராகவே இருக்கக்கூடும், ஒரு வருட உத்தரவாதம் தருகிறேன் என்பவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். திறந்து சூடு காட்டிக் காய வைத்துத் திருப்பித் தருபவரையும், போர்டைக் கழற்றிக் கழுவுபவரையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: தகர மூடியை எடுத்துப் பார்த்தீர்களா? மூடியைத் திறக்காமல் யாரும் உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. நிறுவனங்களின் சேவை மையங்கள் பெரும்பாலும் போர்டைக் கழுவுவதில்லை. நீர்பட்டால் சிவப்பாகும் ஒரு ஒட்டுத்தாள் உள்ளே இருக்கும், அது சிவந்திருந்தால் வாரண்டி போய்விடும், முழுக் கருவியை மாற்ற விலை சொல்வார்கள். அந்தத் தாளும் தவறாதது இல்லை. அதை மட்டும் நம்பி வாரண்டியை மறுத்ததாகத் தொடுத்த வழக்கில், 2013இல் அமெரிக்காவில் ஆப்பிள் 5.3 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது.

செலவுக் கணக்கில் பலர் சேர்க்க மறக்கும் வரி ஒன்று இருக்கிறது: உள்ளே இருக்கும் படங்களும் கடிதங்களும். மெமரி சிப்பைத் தனியே கழற்றி வேறு கருவியில் போட்டுப் படித்துவிடலாம் என்பது பழைய காலம். 2013இல் ஐபோன் 5எஸ் வந்ததிலிருந்து ஆப்பிள் கருவிகளில் பூட்டைத் திறக்கும் சாவி பிராசசருக்குள்ளேயே புதைந்திருக்கிறது. 2019இல் வந்த ஆண்ட்ராய்ட் 10 முதல் புதிய ஆண்ட்ராய்ட் கருவிகளுக்கும் குறியாக்கம் கட்டாயம். ஆகவே தரவு வேண்டுமென்றால் அதே போர்டு, அதே பிராசசர், அதே மெமரி மூன்றும் மறுபடி எழுந்து நிற்க வேண்டும். போர்டை மாற்றித் தருகிறோம் என்பவர், படங்களை மறந்துவிடுங்கள் என்று சொல்கிறார். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஐபேட் ரீஹேப் என்ற கடையை நடத்தும் ஜெஸ்ஸா ஜோன்ஸ் போன்றவர்கள் பெயர் பெற்றது இந்த வேலையில்தான். கருவி இன்னும் மூன்று வருடம் ஓட வேண்டியதில்லை, தரவை எடுக்கும் நேரம் வரை ஓடினால் போதும் என்பது இதில் அளவுகோல். பிள்ளையின் பள்ளிப்பாடத்துக்கு வாங்கிய, எல்லாம் கிளவுடில் சேமித்த மலிவு டேப்லெட்டை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடலாம். காப்புப்பிரதி இல்லாத கல்யாணப் படங்கள் இருக்கும் டேப்லெட்டை முதல் நாளே கழுவ வேண்டும். இரண்டுக்கும் நனைந்த விதம் ஒன்றாக இருந்தாலும் முடிவு ஒன்றாக இருக்க முடியாது.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது பேட்டரியைப் பத்து விநாடியில் எடுக்க முடியாத வடிவமைப்பு. நீர் புகாமல் இருக்கத்தான் மூடி ஒட்டுகிறோம் என்பது நிறுவனங்களின் பதில். அதில் உண்மை இல்லாமல் இல்லை, மூடிய உடல்களால் நனைந்து சாகும் போன்கள் குறைந்திருக்கும். ஆனால் இரண்டும் சேர்ந்து வர முடியாது என்பது சரியல்ல. 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 முதுகைத் திறந்து பேட்டரியை எடுக்கலாம், அதே நேரம் ஐபி67. தொழிற்சாலை, களப்பணிகளுக்காக அதே நிறுவனம் விற்கும் கேலக்ஸி டேப் ஆக்டிவ் டேப்லெட்கள் ஐபி68 பெற்றவை, பேட்டரியைக் கையால் கழற்றலாம். சற்றுத் தடிமன் கூடும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டம் 2027 பிப்ரவரி 18 முதல் கருவிகளின் பேட்டரியைப் பயனாளரே எடுக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் போன்களுக்கும் டேப்லெட்களுக்கும் 2025 ஜூன் 20 முதல் நடப்பில் உள்ள தனி விதி ஒரு பக்கவாசலைத் திறந்துவைத்திருக்கிறது. பேட்டரி 1000 முறை சார்ஜ் ஏறிய பிறகும் 80 சதவீதத் திறனோடு இருந்து, கருவி ஒரு மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்குமானால், பேட்டரியை ஒட்டியே வைக்கலாம். புதிதாக இருக்கும்போது நீர் புகாது என்ற சான்று, நீர் புகுந்த நாளில் மின்சாரத்தைத் துண்டிக்கும் வழியை அடைக்கும் அனுமதியாகிவிட்டது. இந்தியாவில் பழுதுபார்ப்புக் குறியீடு ஒன்றை வகுக்க நுகர்வோர் விவகாரத் துறை 2024இல் அமைத்த குழு 2025இல் அறிக்கை தந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வருடம் தவறாமல் வரும் நாட்டுக்கு ஐரோப்பாவின் அந்தப் பக்கவாசலை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பேட்டரியைத் துண்டிக்க எத்தனை படிகள், என்ன கருவிகள், எவ்வளவு நேரம் என்பதற்கு அந்தக் குறியீட்டில் தனி மதிப்பெண் கேட்கலாம், அதைப் பெட்டியின் மேல் அச்சிடவும் சொல்லலாம்.